மணிமொழி லேத்துக்கு வந்த டபுள் பாஸ்

இரண்டாயிரமாவது ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, அரியலூர் செந்துறை சாலையில் மணிமொழியின் லேத் பட்டறைக்கு முன்னால் ஒரு மினி வேன் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து டிரைவரும் இன்னொருவரும் சேர்ந்து எதையோ இறக்கினார்கள். கம்பளியால் சுற்றி நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆளைவிட உயரம். மேலே ஒல்லியாகவும் கீழே அகலமாகவும் இருந்தது. எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு சாலையைக் கடந்து வந்துவிட்டார்கள்.

டிரைவரோடு சேர்ந்து இறக்கியவர் வெள்ளைத் தொப்பி, அரைக்கைச் சட்டை, லுங்கி அணிந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"நாந்தான். சொல்லுங்க," என்றாள் மணிமொழி.

அவள் உயரமான இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மோட்டார் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தாள். பக்கத்துச் சுவரில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்ந்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர், "வேலை செய்ற ஆளு எப்ப வருவாரு?" என்று இன்னொரு தரம் கேட்பார்கள்.

"என் பேரு ஹுமாயூன். லெப்பைக்குடிக்காடு. பெரம்பலூர்ல ரெண்டு பட்டறையில காட்டிட்டேன். ஒருத்தரு வெல்டு வெச்சுடலாம்ங்கிறாரு. இன்னொருத்தரு தொடவே பயப்படுறாரு."

கயிற்றை அவிழ்த்துக் கம்பளியை விலக்கினார். வயலின் மாதிரிதான் இருந்தது, ஆனால் ஒரு பீரோ அளவுக்கு. தேன் நிற வார்னிஷ் இடுப்புப் பக்கத்தில் தேய்ந்து மரம் தெரிந்தது. விரல் தடிமனில் நான்கு தந்திகள். அவர் அதை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, கீழ்த்தந்தியை ஒரு முறை இழுத்துவிட்டார். லேத்தின் மேல் கிடந்த இரும்புச் சுருள்கள் அதிர்ந்தன. டீக்கடையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டபுள் பாஸ்னு பேரு. பாட்டுல அடியில 'டும் டும்'னு போகுதுல்ல, அது இதுதான். வியாதி இதுக்குக் கால்ல."

வாத்தியத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மரக் குமிழ் இருந்தது. அதன் வழியாக உள்ளேயிருந்து இரும்புக் கம்பி ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்து தரையில் ஊன்றி நின்றது. வாசிப்பவரின் உயரத்துக்குத் தக்கபடி கம்பியை இழுத்து, குமிழின் பித்தளை வளையத்தில் இருக்கும் திருகை முறுக்கி நிறுத்த வேண்டும். அந்தத் திருகு இப்போது பிடிக்கவில்லை. வாசிக்க வாசிக்க, வாத்தியத்தின் கனத்தில் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது.

"பாட்டு ஆரம்பிக்கும்போது நிமிந்து நிக்கிறேம்மா. ரெண்டாவது சரணம் வரும்போது தொழுகையில ருக்கூவுக்குக் குனிஞ்ச மாதிரி இருக்கேன். துணி சுத்திப் பாத்தேன், சைக்கிள் டியூப் சுத்திப் பாத்தேன், எம்-சீல் வெச்சும் பாத்துட்டேன்."

மணிமொழி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம் ஆரம்பமானது.

ஹுமாயூன் பாய் இருபத்திரண்டு வருஷம் பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர். முதலில் லிஃப்டில். பிறகு விருந்து மண்டபத்தில் நாற்காலி போடுவது, மேடை கட்டுவது. அங்கே வாரம் ஐந்து நாள் வாசித்த குழுவில் பாஸ் வாசித்தவர் ஒரு கோவாக்காரர். வாத்தியத்தை மாடிக்குத் தூக்கிப் போகவும் இறக்கவும் ஹுமாயூன் பாய்தான். தூக்கிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் விரல் வைத்துப் பார்த்தார். நாலைந்து வருஷத்தில் அந்த மனிதர் ஊருக்குப் போகும் நாட்களில் ஹுமாயூன் பாயே மேடையில் நின்றார். தொண்ணூற்றெட்டில் ஹோட்டலை இடித்துக் கட்டினார்கள். குழு கலைந்தது. வாத்தியத்தை இவர் வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டார். லெப்பைக்குடிக்காட்டில் அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது அவர் மனைவி நஜீமா அதை வாஷிங் மெஷின் என்று நினைத்துக்கொண்டு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் பல வருஷம் பேசினார்.

அரியலூரில் ராசாங்கம் என்பவர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அவருடைய பாஸ் கிடாரிஸ்ட் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் ஹுமாயூன் பாயைச் சேர்த்துக்கொண்டார். கல்யாண வீடுகளில் ஜனங்கள் பாடகரை விட்டுவிட்டு இந்த வாத்தியத்தைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். கரண்ட் போனால் கீபோர்டு செத்துவிடும். தபேலாவும் பாஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ராசாங்கத்துக்கு அவர்மேல் ஒரு மதிப்பு உண்டு.

மணிமொழிக்கு அப்போது முப்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அப்பா அங்கமுத்து முதலில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தார், பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சேர்ந்தார். அம்மா வீரம்மாள் அவளை மூன்றாம் வகுப்பு வரைக்கும் இடுப்பில் சுமந்துகொண்டுபோய் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். அதற்கு மேல் சுமக்க முடியாமல் போகவே, அப்பா வேப்பங்கிளையில் இரண்டு கட்டை செய்து கொடுத்தார். மழை நாளில் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் அந்தக் கட்டை வழுக்கி விழுந்து முன்பல் பாதி உடைந்தது. மறுநாளே பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் ஆணி வைத்து அடித்துக்கொண்டாள். அவள் கையால் செய்த முதல் வேலை அது.

பிறகு திருச்சியில் ஐ.டி.ஐ.யில் லேத் வேலைக்கான டர்னர் படிப்பு படித்தாள். ஆறு வருஷம் ஒரு பட்டறையில் இருந்தாள். அங்கே பெரும்பாலும் போன் எடுக்கவும் பில் எழுதவும்தான் விட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் வெளியே போனதும் லேத்தில் உட்கார்ந்துகொள்வாள். தொண்ணூற்றேழில், மூடிக்கிடந்த ஒரு பட்டறையிலிருந்து நாலரை அடி லேத் ஒன்றை வாங்கித் தனியாக வைத்துவிட்டாள். நின்றபடி செய்கிற வேலையை உட்கார்ந்தபடி செய்வதற்காக அந்த ஸ்டூலை அவளே செய்துகொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் கடைசலில் பிசகு வந்ததாக யாரும் சொன்னதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஹுமாயூன் பாயின் கம்பியை உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். திருகு பட்ட இடமெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. திருகின் முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. வளையத்துக்குள் மரையும் போய்விட்டது.

"இந்தக் குமிழைக் கழட்டணுமா பாய்?"

"கழட்டக்கூடாதும்மா. கழட்டணும்னா நாலு தந்தியையும் தளத்தணும். தளத்துனா உள்ள ஒரு குச்சி நிக்குது, அது விழுந்துரும். அது விழுந்தா சத்தமே போச்சு."

"அப்ப கழட்ட வேணாம். இப்படியே பாத்துடலாம்."

வாத்தியத்தைக் கம்பளிமேல் படுக்க வைத்தார்கள். வளையத்தின் மரையை ஒரு சைஸ் பெரிதாகக் கையாலேயே வெட்டினாள். அதற்குப் பொருத்தமாகப் புதுத் திருகு ஒன்றைக் கடைந்து, விரலுக்குப் பிடி கிடைக்கத் தலையில் வரி போட்டாள். பழைய கம்பிக்குப் பதில் புது எஃகுக் கம்பி. உருண்டைக் கம்பியில் திருகு அழுத்தினால் நழுவும், தட்டையான இடத்தில் அழுத்தினால் நழுவாது. ஆகவே கம்பியின் ஒரு பக்கத்தை நீள வாக்கில் அரம் போட்டுச் சமதளமாக்கினாள். இனிமேல் கம்பி சுழலவும் செய்யாது.

பழைய கம்பியின் முனை ஆணி மாதிரி கூராக, துரு பிடித்து அழுக்காக இருந்தது. புதுக் கம்பியின் முனையை மணிமொழி அழகாக உருட்டி, எமரித்தாள் போட்டுப் பளபளவென்று முடித்தாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு வேலையைக் கூர் முனையோடு கையில் கொடுப்பது அவளுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஹுமாயூன் பாய் அங்கேயே நின்று அரைமணி நேரம் வாசித்துப் பார்த்தார். கம்பி ஒரு நூல்கூட இறங்கவில்லை. பட்டறையின் தரை எண்ணெய் ஊறிய சொரசொரப்பான சிமெண்டு. அதில் முனை அசையாமல் நின்றது.

பதினோராவது நாள் ராசாங்கம் மொபெட்டில் வந்தார். எஞ்சினை அணைக்காமலே, "பாய் விழுந்துட்டாரு," என்றார்.

ஜெயங்கொண்டத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். மேடை முழுக்கப் பாலீஷ் போட்ட கிரானைட். நான்காவது பாட்டில் கம்பி தரையில் வழுக்கி முன்னால் ஓடிவிட்டது. வாத்தியம் சாய, அதைப் பிடிக்கப்போன ஹுமாயூன் பாய் முட்டி போட்டு விழுந்தார். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். வீடியோக்காரர் அதையும் எடுத்துவிட்டார்.

"வாத்தியம்?"

"ஒடையலைங்கிறாரு. ஆனா உள்ள என்னமோ உருளுது. நல்ல மனுஷன், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பங்குனி கடைசியில அதே மண்டபத்துல இன்னொரு வரவேற்பு இருக்கு. திருச்சியிலேர்ந்து ஒரு பையன வரச்சொல்லலாம்னு பாக்குறேன். பாயி வூட்லயே இருக்கட்டும்."

அவர் போன பிறகு மணிமொழி லேத்தை ஓட்டவில்லை. தான் உருட்டிப் பாலீஷ் போட்ட அந்த முனை கண்ணுக்குள்ளேயே நின்றது. இருபது வருஷமாக எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறாள். மொசைக்கா, டைல்ஸா, ஈரமா, பாய் விரித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் தரையில் ஊன்றுகிற ஒரு கம்பியைக் கடைந்து கொடுக்கும்போது, அது எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்று கேட்கவே இல்லை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டிருப்பாள். தன்னை அப்படி விட அவளால் முடியவில்லை.

மறுநாள் காலையில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறி லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் வழவழவென்று வெள்ளை டைல்ஸ். நஜீமா கதவைத் திறந்தார். ஊன்றுகோல்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு சணல் மிதியடியைக் கொண்டுவந்து வாசலில் விரித்தார். அதன் பிறகுதான், "நீதானா அந்த லேத்து வெச்சிருக்கிற புள்ள?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"அந்த முனைய உருட்டி வுட்டது நீயா?"

"நாந்தாங்க்கா. தப்பு என்மேலதான்."

நஜீமா திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தார். இப்படி நேராகப் பதில் வந்ததும், "உள்ள வா. அவுக சாப்புட்டுக்கிட்டு இருக்காக. இடது கையால சாப்புட முடியாது, நாந்தான் ஊட்டி வுடுறேன்," என்றார்.

ஹுமாயூன் பாயின் கையில் நாமக்கட்டிப் பத்தும் துணிக்கட்டும் இருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கம்பி எறங்கவே இல்லம்மா. நீ சொன்ன மாதிரியே நின்னுச்சு. தரைதான் வுட்டுருச்சு."

"தரை வுடல பாய். நான்தான் பாக்காம வுட்டுட்டேன். வாத்தியத்தக் காட்டுங்க."

கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மெல்லப் புரட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. தந்திகளைத் தாங்கும் குதிரை என்கிற மரத்துண்டு விழுந்து தந்திகள் தொங்கிக் கிடந்தன. அந்தக் குதிரை விழுந்ததால்தான் உள்ளே நின்ற குச்சியும் சாய்ந்துவிட்டது. குச்சிக்கு ஆணி கிடையாது, பசை கிடையாது. முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவே வெறும் இறுக்கத்தில் நிற்பது. அதை வெளியிலிருந்து, வாத்தியத்தின் நெஞ்சில் இருக்கிற வளைந்த துளை வழியாகத்தான் நிறுத்த வேண்டும்.

"பஹ்ரைன்ல ஒரு தடவ அந்த கோவாக்காரரு செஞ்சாரு. பாத்திருக்கேன். இந்தக் கைய வெச்சுக்கிட்டு என்னால ஆகாது."

"நீங்க சொல்லுங்க. நான் செய்றேன்."

பையிலிருந்த தடித்த கம்பியைப் பாம்பு மாதிரி வளைத்து, ஒரு முனையைத் தட்டிக் கூராக்கினாள். நஜீமா டார்ச் பிடித்தார். அவர்களுடைய மகள் ஷைமாவின் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், குச்சி முன்பு நின்ற இடத்தில் பலகையில் ஒரு வெளிர்வட்டம் தெரிந்தது. குச்சியைக் கம்பி முனையில் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு, அந்த வட்டத்தில் நிறுத்தப் பார்த்தாள். விழுந்தது. மறுபடி விட்டாள். நின்ற மாதிரி இருந்து, கம்பியை உருவும்போது விழுந்தது. முன்னங்கையில் மரத்துளையின் விளிம்பு கிழித்து ரத்தக்கோடு விழுந்தது. நஜீமா டார்ச்சை ஷைமாவிடம் கொடுத்துவிட்டுப் போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

நான்காவது தடவை நின்றது. ஹுமாயூன் பாய் இடது கையால் பலகையை லேசாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "கொஞ்சம் வெளிப்பக்கம்... இன்னும் ஒரு நூலு... போதும் போதும்," என்றார். குதிரையை நிறுத்தித் தந்திகளை முறுக்கினார்கள். அவர் கட்டைவிரலால் மீட்டினார். ஒலி வந்தது. அவர் இன்னும் இரண்டு மூன்று தடவை மீட்டினார். நஜீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளர்களைப் பொறுக்கினார்.

"இப்ப காலு," என்றாள் மணிமொழி. "ஒங்க கையி எப்ப சரியாவும்?"

"ரெண்டு வாரம்ங்கிறான் கட்டுப் போட்டவன். எதுக்கும்மா? ராசாங்கம் வேற ஆளு பாத்துட்டாரே."

"இன்னும் பாக்கல. பாக்கப்போறேன்னுதான் சொன்னாரு. இப்ப எந்திரிச்சு நில்லுங்க. எப்பவும் வாசிக்கிற மாதிரி."

அவர் வாத்தியத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு நின்றார். கம்பி தரைக்கு நேராக நிற்கவில்லை, சாய்ந்து நின்றது. மணிமொழி தரையில் உட்கார்ந்து ஒரு அட்டையைப் பக்கத்தில் வைத்து அந்தச் சாய்வைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். அவளுடைய ஊன்றுகோலின் ரப்பரும் ஒரு பக்கமாகத்தான் தேயும். சாய்வாக ஊன்றுகிற எதுவும் தன் அடிப்பாகத்தின் ஒரு ஓரத்தில்தான் நிற்கும். அந்த ஓரம் மட்டும் நின்றால் போதாது, முழு அடியும் தரையில் பட வேண்டும்.

கடையில் விற்கிற ஊன்றுகோல் ரப்பர் இதற்குப் பற்றாது. சுரங்கத்திலிருந்து கல் போகிற பெல்ட் தேய்ந்துபோனால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் அது மிதியடியாகவும் மாட்டுத் தொட்டிக்கு மூடியாகவும் கிடக்கும். அப்பா வீட்டில் கிடந்த ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். விரற்கடை தடிமன், நடுவே துணி அடுக்கு. அதை லேத்தில் பிடித்து டம்ளர் வாய் அகலத்துக்கு வட்டமாகக் கடைந்தாள். கம்பியின் முனையில் மரை வெட்டி, பித்தளைக் கிண்ணம் ஒன்று மாட்டி, அதற்குள் ரப்பரை இறுக்கினாள். பிறகு அட்டையில் வரைந்திருந்த சாய்வுக்கு ரப்பரின் அடியைச் சீவினாள். கம்பியில் சமதளம் போட்டிருந்ததால் அது சுழலாது. சீவிய பக்கம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கும்.

இதைச் சரியாகக் கொண்டுவர மூன்று ரப்பர் ஆயிற்று. முதலாவது அதிகம் சீவிவிட்டாள். இரண்டாவது துணி அடுக்கோடு பிரிந்துவிட்டது.

பங்குனி பாதியில், ராசாங்கத்தையும் ஹுமாயூன் பாயையும் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் மண்டபத்துக்குப் போனாள். அன்று முகூர்த்தம் இல்லை, கூடம் காலியாகக் கிடந்தது. ராசாங்கம் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார்.

"தங்கச்சி, ஒன் வேலைய நான் கொறையா சொல்லல. மறுபடி அவரு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மேடைக்கு ஏழு படி. மணிமொழி கடைசியாக ஒரு கல்யாண மண்டப மேடையில் ஏறியது அண்ணன் கல்யாணத்தில், பதினோரு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். வழுக்குகிற தரை ஒரு காரணம். தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம். இப்போது ஒவ்வொரு படியாக ஏறி, மேடையின் நடுவில் போய் நின்று, வாட்ச்மேனிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டாள்.

தண்ணீரைக் கிரானைட்மேல் ஊற்றச் சொன்னாள்.

"ஏம்மா, காஞ்ச தரையிலயே விழுந்தேன்," என்றார் ஹுமாயூன் பாய்.

"அதான் பாய். ஈரத்துல நின்னா காஞ்சதுல நிக்கும்."

அவர் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லிவிட்டு வாத்தியத்தை நிறுத்தினார். முதலில் மெதுவாக வாசித்தார். பிறகு ராசாங்கம் கைதட்டித் தாளம் போட, வேகமாக வாசித்தார். மணிமொழி தரையில் உட்கார்ந்து அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை. ராசாங்கம் அருகில் வந்து வாத்தியத்தின் இடுப்பில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். ஹுமாயூன் பாய்தான் கொஞ்சம் ஆடினார், வாத்தியத்தின் கால் ஆடவில்லை.

"அட," என்றார் ராசாங்கம். பிறகு இன்னும் பலமாகத் தள்ளினார்.

"யோவ், என்னைத் தள்ளாதய்யா. கையி இப்பத்தான் கூடி வருது!"

வாட்ச்மேன் கீழே நின்று சிரித்தார். ராசாங்கம் திருச்சி ஆளைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

பங்குனிக் கடைசியில் நடந்த வரவேற்புக்கு மணிமொழியும் வர வேண்டும் என்று ஹுமாயூன் பாய் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவள் வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். யாருடைய கல்யாணம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் நஜீமா அவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கணவர் மேடையில் வாசிப்பதை நஜீமாவும் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

முதல் மூன்று பாட்டும் மணிமொழிக்குக் காதில் விழவில்லை. கண் தரையிலேயே இருந்தது. நான்காவது பாட்டில் நஜீமா அவள் தொடையில் தட்டி, "அது நிக்கும். நீ பாட்டக் கேளு," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஹுமாயூன் பாய் கண்களை மூடிக்கொண்டு, முதுகு நேராக, ஒரு பெரிய மனிதரை அணைத்துக்கொண்டு நிற்பதுபோல நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பாடகி மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தாள். அடியில் ஓடுகிற அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்க மணிமொழிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிடிபட்ட பிறகு அதை மட்டும்தான் கேட்டாள். வீரம்மாள் அவள் பக்கம் சாய்ந்து, "எதுக்குடி அழுவுற?" என்றார். "அழுவலம்மா," என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ரப்பர் அடியைத் தன் ஊன்றுகோலுக்கும் போட்டால் என்ன என்று மணிமொழிக்குத் தோன்றியது. போட்டும் பார்த்தாள். ஒரே இடத்தில் நிற்கிற வாத்தியத்துக்கு அது சரி, அடிக்கு அடி எடுத்து வைக்கிற கட்டைக்குச் சரிப்படவில்லை. பொளக் பொளக்கென்று சத்தம் வேறு. இரண்டு நாளில் கழற்றி எறிந்துவிட்டு, கடை ரப்பருக்கே திரும்பிவிட்டாள். ஆனால் சூம்பிய காலுக்கு மாட்டும் காலிப்பர், கைத்தடி, சக்கர நாற்காலி என்று ஏதாவது உடைந்தால் ஆட்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "ஒங்க வூட்ல என்ன தரை?" என்பதுதான். சிலருக்கு அந்தக் கேள்வி விளங்காது. விளங்குகிற வரைக்கும் வேலையைத் தொடமாட்டாள்.

ஹுமாயூன் பாய் இன்னும் ஐந்து வருஷம் மேடையில் வாசித்தார். வருஷத்துக்கு ஒரு ரப்பர் மாற்றினார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் ராசாங்கம் குழுவைக் கலைத்துவிட்டு மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் தொழிலுக்குப் போனார். அதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஹுமாயூன் பாய் பிற்பகலில் அஸர் தொழுகை முடிந்து வந்து வீட்டிலேயே வாசித்தார். ஷைமா கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் கீபோர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாஷிங் மெஷினும் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. மணிமொழி பெரிய லேத் ஒன்று வாங்கியிருந்தாள், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். புதுப் பலகை எழுத ஓவியர் வைரக்கண்ணு வந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்னென்ன வேலை எழுதுவது என்று கேட்டார். லேத், வெல்டிங், ஷாஃப்ட், காலிப்பர், கைத்தடி என்று வரிசையாகச் சொன்னாள்.

"அந்தப் பெரிய வயலின எழுதலையா? ஊரே அதத்தான சொல்லுது."

"அது எழுத வேணாம்ணே. அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பாய்க்கு வழி தெரியும்."

வைரக்கண்ணு தலையாட்டிக்கொண்டு ஏணியை நகர்த்தினார். ஏணியின் கால் சாலையோரத்து ஜல்லியில் அழுந்தி அசையாமல் நின்றது. மணிமொழி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் லேத்தைப் போட்டாள்.